முழங்கால் அளவு தண்ணீர் போதும்!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள்.

"அப்பா, இன்றைக்கு எங்கேயாவது போகலாம்!" என்று காலையிலேயே தொடங்கிவிடுவார்கள்.

"எங்கே போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கோவிலுக்கு என்று சொல்லமாட்டார்கள். அத்தை வீட்டுக்கு என்றும் சொல்லமாட்டார்கள். "தண்ணீர் இருக்கிற இடத்துக்கு!" என்பார்கள்.

குழந்தைக்குத் தண்ணீர்மேல் அத்தனை ஆசை. வீட்டில் "குளிக்க வா" என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பிள்ளை, ஆற்றைக் கண்டால் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடுகிறது!

இந்த ஆசை தவறா? இல்லவே இல்லை. ஆனால், இந்த ஆசையை நாம் எப்படித் தீர்த்துவைக்கிறோம் என்பதைப் பற்றி இன்று கொஞ்சம் யோசிக்கவேண்டும். பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் யோசிக்கவேண்டும். நகராட்சியில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களும் யோசிக்கவேண்டும்.

முக்கொம்பில் ஒரு நாள்

திருச்சிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் முக்கொம்பு. கரூர் போகும் சாலையில், சுமார் 18 கிலோமீட்டர் தூரம். காவிரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாகக் கிடக்கிறது.

1830-களில் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கில பொறியாளர் இங்கே மேலணையைக் கட்டினார். வெள்ளம் வந்தால் கொள்ளிடத்துக்குப் போகவேண்டும். வயலுக்கு வேண்டிய தண்ணீர் காவிரிக்குப் போகவேண்டும். அதற்காகத்தான் அந்த அணை.

அணையை ஒட்டிப் பூங்கா இருக்கிறது. பெரிய பெரிய மரங்கள். ஊஞ்சல், சறுக்குப் பலகை எல்லாம் உண்டு. காலை பத்து மணிக்கே குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். கையில் பாய், தூக்குவாளி, புளிச்சோறு, தயிர்ச்சோறு, வடகம், தண்ணீர்ப் பானை எல்லாம் இருக்கும். நல்ல நிழலாகப் பார்த்துப் பாயை விரிப்பார்கள்.

அப்புறம் என்ன நடக்கிறது?

அப்பா பாயில் சாய்ந்து செல்போனைப் பார்க்கத் தொடங்குகிறார். அம்மா இலை போட்டுப் பரிமாறுகிறாள். வீட்டில் இருந்த அடுப்படி வேலை மரத்தடிக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்! பாட்டி வெற்றிலைப் பையை அவிழ்க்கிறாள். பிள்ளைகள்? அவர்கள் ஊஞ்சலில் ஐந்து நிமிடம் ஆடுகிறார்கள். சறுக்குப் பலகையில் ஐந்து நிமிடம் சறுக்குகிறார்கள். அவர்களுடைய கண் மட்டும் தண்ணீரிலேயே இருக்கிறது!

அந்தத் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி, இதே முக்கொம்பில், கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு புதிய அணை கட்டவேண்டி வந்தது. கல்லும் இரும்பும் நிற்க முடியாத இடத்தில், மூன்றடி உயரப் பிள்ளை எப்படி நிற்கும்?

முக்கொம்புக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். அந்த மர நிழலும் ஆற்றுக் காற்றும் மருந்துக்கடையில் கிடைக்காது. பிள்ளை விளையாடுவதற்கு ஆறு ஏற்ற இடம் அல்ல என்றுதான் சொல்கிறேன். இதை நான் ஏட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு நிமிடம்தான்!

சென்ற கோடை விடுமுறையில் நடந்தது அது. வேறு ஒரு ஊர். வேறு ஒரு ஆறு. ஊர்ப் பெயர் வேண்டாம். ஏனென்றால், குற்றம் அந்த ஊரின்மேல் இல்லை. எங்கள்மேல்தான்.

நாங்கள் இரண்டு குடும்பமாகப் போயிருந்தோம். பெரியவர்கள் மட்டும் ஏழு பேர். என் அக்காள் மகளுக்கு வயது ஆறு. கரையோரத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். "ஓரத்திலேயே விளையாடு" என்று சொல்லி விட்டோம். குழந்தையும் ஓரத்திலேயேதான் விளையாடிக்கொண்டிருந்தாள். மணலைக் குவித்தாள், கோவில் கட்டினாள், கோவிலுக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள்.

நாங்கள் பத்தடி தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காள் பார்த்துக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். நான் பார்ப்பேன் என்று அக்காள் நினைத்தாள். நாங்கள் எல்லோரும் இருக்கிறோமே என்று அக்காள் கணவர் நினைத்தார். ஏழு பேர் இருந்தோம். பதினாலு கண்கள் இருந்தன. அந்த நேரத்தில் ஒரு கண்கூட அந்தக் குழந்தையின்மேல் இல்லை!

"ஐயா, பிள்ளை! பிள்ளை!"

திரும்பிப் பார்த்தோம். கத்தியது வேர்க்கடலை விற்கிற ஓர் அம்மாள். கத்திக்கொண்டே கூடையைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். அவருக்கே இடுப்பளவு ஆழம். யாரோ மணல் அள்ளிய குழி அது. தண்ணீர் மேலே மூடியிருந்ததால் குழி இருப்பதே தெரியவில்லை. அந்த அம்மாள் கையை விட்டுத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். குழந்தை மேலே வந்தாள்.

ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு இருமினாள். பிறகு 'ஓ'வென்று அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான ஓசையை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கடலை எல்லாம் தண்ணீரில் மிதந்தது. அக்காள் கணவர் சட்டைப்பையில் இருந்த பணத்தை எல்லாம் எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. அந்த அம்மாள் எண்ணிப் பார்த்தார். கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"கடலைக்கு மட்டும் போதும் தம்பி" என்றார். "அடுத்த தடவை ஒரு ஆளாவது பிள்ளையைப் பாருங்க."

இன்றுவரை அந்தச் சொல் என் காதில் ஒலிக்கிறது.

மூழ்குகிறவர் கூச்சல் போடமாட்டார்!

சினிமாவில் ஆற்றில் விழுந்தவர் என்ன செய்கிறார்? இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டுகிறார். "காப்பாற்றுங்கள்! காப்பாற்றுங்கள்!" என்று கத்துகிறார். கதாநாயகன் எங்கிருந்தோ ஓடிவந்து குதிக்கிறான்.

உண்மையில் அப்படி நடப்பதில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். மூழ்குகிறவருடைய வாய் தண்ணீருக்கு மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கிறது. மேலே வரும் நேரம் மூச்சு இழுப்பதற்கே போதாது. பிறகு எப்படிக் கத்துவது? கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது. கை தானாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்துகிறது. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்குப் பிள்ளை சும்மா நின்று விளையாடுவதுபோலத்தான் தெரியும்!

இந்தப் போராட்டமும் அதிக நேரம் நடப்பதில்லை. இருபது நொடியில் இருந்து ஒரு நிமிடம். அதற்குள் பிள்ளை அமிழ்ந்துவிடும். நாம் ரசத்துக்குச் சோறு பிசையும் நேரம்!

உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்று அதில் கூறியிருக்கிறது. கணக்குப் போட்டால் மணிக்கு முப்பது பேருக்கு மேல் ஆகிறது. இவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை!

இதனால்தான், ஐக்கிய நாடுகள் சபை 2021-ஆம் ஆண்டில் ஒரு தீர்மானம் போட்டு, ஜூலை 25-ந் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. அந்த நாள் எத்தனை பேருக்குத் தெரியும்? காதலர் தினம் தெரிகிறது. இது தெரியவில்லை!

ஆற்றுக்கு ஏன் போகிறார்கள்?

தண்ணீரில் விளையாடுவது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. ஆடிப் பெருக்கை நாம் ஆயிரம் வேலைகளுக்கு நடுவிலும் விடுவதில்லை. சங்க காலத்திலேயே புதுவெள்ளம் வந்தால் விழா எடுத்தார்கள்.

அந்த விழாவிலும் ஒரு சோகம் உண்டு. ஆட்டனத்தி என்பவன் ஆடலில் வல்லவன். கரிகாலன் மகள் ஆதிமந்தியின் கணவன் அவன் என்பார்கள். கழார் என்னும் ஊரின் துறையில், புதுப்புனல் விழாவில், காவிரி அவனை அடித்துக்கொண்டு போயிற்று. ஆதிமந்தி கரையெல்லாம் தேடி அழுதாள். காவிரியில் கணவனைப் பறிகொடுத்தவளின் கதையை நம் இலக்கியம் அன்றே எழுதி வைத்துவிட்டது!

ஆனால், அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. நம் தாத்தாமார்களுக்கு நீச்சல் தெரியும். ஊர்க் குளமோ, கிணறோ, தெப்பக்குளமோ பக்கத்தில் இருந்தது. பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். மாமனோ சித்தப்பாவோ பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருப்பார். ஒரு கோடை முடிவதற்குள் பிள்ளை மீன்குஞ்சாகிவிடும்.

இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு இருக்கவே இருந்தது பம்புசெட் தொட்டி! கொட்டுகிற தண்ணீரில் நனைவார்கள். தொட்டியில் உட்கார்ந்து அளைவார்கள். கால் தரையில் நிற்கும். ஆழமான கிணற்றின் பக்கம் பெரியவர்கள் விடமாட்டார்கள். காசும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. நமது கிராமம் பிள்ளைகளுக்குக் கொடுத்த நீர் விளையாட்டு இடம் அதுதான்!

இப்போது நகரத்துப் பிள்ளைக்குக் கிணறு ஏது? பம்புசெட் ஏது? பல ஊர்களில் குளம் இருந்த இடத்தில் கட்டிடம் நிற்கிறது. நீச்சல் போய்விட்டது. ஆசை மட்டும் போகவில்லை.

பணம் உள்ளவர்களுக்குப் பெரிய பெரிய நீர் விளையாட்டுப் பூங்காக்கள் இருக்கின்றன. சறுக்கிக்கொண்டே தண்ணீரில் விழலாம். செயற்கையாக அலை அடிக்கும். நல்ல இடங்கள்தான். ஆனால், ஆளுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் கட்டணம். நாலு பேர் உள்ள குடும்பம் போய்வந்தால், கொத்தனாரின் பல நாள் கூலி ஒரே நாளில் கரைந்துவிடும்!

சரி, ஊர்ப் பூங்காவுக்குப் போகலாம் என்றால், அங்கே தண்ணீர் இருக்கிறதா? பல பூங்காக்களில் நடுவிலே ஒரு நீரூற்றுத் தொட்டி இருக்கும். திறப்பு விழா அன்று தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கும். இப்போது அதில் காகிதக் குப்பை கிடக்கும்.

ஆகவே பிள்ளை என்ன செய்கிறது? விடுமுறையில் வீட்டுக்குச் சொல்லாமல், கூட்டாளிகளோடு ஆற்றுக்குப் போகிறது. கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிக்குப் போகிறது. தோட்டத்துக் கிணற்றுக்குப் போகிறது.

நான் பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்கிறவன். ஒவ்வொரு கோடையிலும் அந்தச் செய்தி என் மேசைக்கு வருகிறது. ஊர்ப் பெயர் மாறும். வயது மாறும். செய்தி மட்டும் மாறுவதில்லை. ஒரு பிள்ளை மூழ்கும். அதைக் காப்பாற்ற அண்ணன் குதிப்பான். அண்ணனைக் காப்பாற்ற நண்பன் குதிப்பான். மாலையில் மூன்று தாய்மார்கள் ஆஸ்பத்திரி வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள்.

நான் கேட்பது என்ன?

பிள்ளையைத் தண்ணீரிடம் போகாதே என்று தடுத்துப் பயன் இல்லை. நல்ல தண்ணீரை நாம் பிள்ளையிடம் கொண்டுவரவேண்டும்.

ஒவ்வொரு நகராட்சிப் பூங்காவிலும் குழந்தைகளுக்காக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுங்கள். முப்பது அடி நீளம், முப்பது அடி அகலம், ஒரு அடி ஆழம். சின்னப் பிள்ளையின் முழங்கால் அளவு. அவ்வளவு போதும்! வழுக்காத தரை போடுங்கள். சுற்றிலும் கம்பி வேலி போட்டு ஒரே ஒரு வாசல் வையுங்கள்.

இதைவிடப் புதிய முறையும் இருக்கிறது. அதில் தொட்டியே கிடையாது. தரையில் உள்ள துளைகளில் இருந்து தண்ணீர் குபுகுபுவென்று மேலே பாயும். பிள்ளைகள் அதன் நடுவே ஓடுவார்கள், நனைவார்கள், சிரிப்பார்கள். விழுந்த தண்ணீர் தரையில் தேங்குவதில்லை. வடிந்து பூமிக்கு அடியில் உள்ள தொட்டிக்குப் போகிறது. அங்கே வடிகட்டி, குளோரின் மருந்து கலந்து, மறுபடியும் மேலே அனுப்புகிறார்கள். தேங்கினால்தானே மூழ்கும் பயம்? பல வெளிநாட்டு நகரங்களின் பூங்காக்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். நமது பம்புசெட் குளியலுக்கு இது தம்பி முறை!

இன்னும் இரண்டு வசதிகள் வேண்டும். ஒன்று, காவலுக்கு ஓர் ஆள். சீட்டுக் கிழிக்கிற ஆள் அல்ல. நீச்சலும் முதலுதவியும் தெரிந்த ஆள். இரண்டு, உடை மாற்ற ஓர் அறை. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பத்து வயதுப் பெண் பிள்ளை ஏன் கரையிலேயே நின்று தம்பி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? நனைந்த பாவாடையோடு பஸ்ஸில் போகமுடியாது என்பதால்தான். நாலு சுவர் கட்டினால் அவளும் விளையாடுவாள்.

"தண்ணீர்ப் பஞ்சத்தில் இது தேவையா?"

இப்படிச் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான் சொன்ன தொட்டிக்கு 900 கன அடி தண்ணீர் வேண்டும். சுமார் 25 ஆயிரம் லிட்டர். பெரிய தண்ணீர் லாரியில் இரண்டு லாரி. இதைத் தினமும் கொட்டவேண்டியதில்லை. வடிகட்டி மறுபடியும் பயன்படுத்தலாம். வெயிலில் ஆவியாகிப் போனதையும், பிள்ளைகள் வாரி இறைத்ததையும் மட்டும் நிரப்பினால் போதும். மாற்றும்போதும் அந்தத் தண்ணீரை வெயிலில் நிற்கவிட்டு, குளோரின் வாடை போனபிறகு, பூங்கா மரங்களுக்கே பாய்ச்சலாம்.

"அழுக்குத் தண்ணீரில் நோய் வராதா?" என்றும் கேட்பார்கள். வரும்! கவனிக்காமல் விட்டால் கட்டாயம் வரும். குளோரின் குறைந்த தண்ணீரில் விளையாடி வயிற்றுப்போக்கு வந்த கதைகள் வெளிநாட்டிலும் உண்டு. ஆகவே, நாள்தோறும் தண்ணீரைச் சோதிக்கவேண்டும். சோதித்த நேரத்தை வாசலில் பலகையில் எழுதிப் போடவேண்டும். தாய்மார்களும் ஒத்துழைக்கவேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை அன்று தண்ணீரில் விடக்கூடாது. குளிப்பாட்டிவிட்டு இறக்கவேண்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது கடைசிக் கேள்வி. திறப்பு விழாவோடு நின்றுபோகிற நீரூற்றுக்குப் பணம் இருக்கும்போது, பிள்ளைகள் நனைகிற நீரூற்றுக்கு இருக்காதா?

கட்டுவதைவிடக் கட்டியதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. மோட்டார் பழுதானால் மறுநாள் பழுது பார்க்கவேண்டும். காவலாள் லீவு என்றால் அன்று வாசலைப் பூட்டவேண்டும். இதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்காவிட்டால், கட்டாமலே இருப்பது நல்லது!

ஜப்பான் செய்த வேலை

தொட்டி சின்னப் பிள்ளைகளுக்கு. வளர்ந்த பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கவேண்டும்.

1955-ஆம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி, ஜப்பானில் ஒரு கப்பல் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. கப்பலின் பெயர் 'ஷியுன் மாரு'. கடலில் கடுமையான மூடுபனி. எதிரே வந்த கப்பலோடு மோதி மூழ்கிவிட்டது. இறந்தவர்கள் 168 பேர். அவர்களில் 100 பேர் பள்ளிப் பிள்ளைகள்!

நாடே அழுதது. ஆனால், அழுததோடு நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் நீச்சல் கற்கவேண்டும் என்ற எண்ணம் நாடெங்கும் பரவியது. பள்ளிகளில் நீச்சல் குளங்கள் கட்டும் வேலை வேகமாக நடந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும், தண்ணீரில் பாதுகாப்பும் சொல்லிக்கொடுங்கள். சின்னக் குழந்தைகளைப் பெரியவர்கள் கண்காணிப்பில் வையுங்கள். தண்ணீருக்குத் தடுப்புப் போடுங்கள் என்கிறது.

நம் ஊரில் பள்ளிதோறும் குளம் கட்ட முடியாமல் இருக்கலாம். வட்டத்துக்கு ஒன்று கட்டலாமே! சனிக்கிழமைகளில் முறை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரலாமே! கூட்டல் கழித்தல் தெரியாத பிள்ளை பரீட்சையில் தோற்கும். அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அடுத்த பரீட்சை கிடையாது.

அதுவரை நாம் என்ன செய்வது?

தொட்டி வரட்டும், வராமல் போகட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கேட்கத்தான் போகிறார்கள். நாமும் அழைத்துப் போகத்தான் போகிறோம். அப்போது இவற்றை மறக்கவேண்டாம்:

போனதும் முதல் வேலையாக, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "எல்லோரும் பார்ப்போம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரமும் அவர் சாப்பிடக்கூடாது, செல்போனைத் தொடக்கூடாது.

சின்னப் பிள்ளை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். கண்ணுக்கு எட்டும் தூரம் போதாது. ஒரு அடித் தண்ணீரும் சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான். வீட்டு வாளித் தண்ணீரும் ஆபத்துதான்.

ஆற்றில் பிள்ளையை இறக்கும் முன்னால் பெரியவர் ஒருவர் இறங்கி, நடந்து பார்க்கவேண்டும். நேற்று மணல் மேடாக இருந்த இடம் இன்று குழியாக இருக்கும். அணைக்குக் கீழே உள்ள இடமானால், தண்ணீர் திறந்துவிடும் அறிவிப்பு வந்தவுடன் மேலே ஏறிவிடுங்கள். சோற்று மூட்டையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

யாராவது மூழ்கினால், நீந்தத் தெரியாதவர் குதிக்கக்கூடாது. கயிறு, கம்பு, வேட்டி, சேலை எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். காலியான பிளாஸ்டிக் குடம் மிதக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்க்காதீர்கள். அதில் பொன்னான நேரம் போய்விடும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முதலுதவி தெரிந்தவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவேண்டும், மார்பை அழுத்தவேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யவேண்டும். இந்த முதலுதவியை வீட்டுக்கு ஒருவராவது கற்றுக்கொள்வது, வீட்டுக்கு ஒரு வைத்தியர் இருப்பதற்குச் சமம்.

அவள் இன்னும் கேட்கிறாள்

என் அக்காள் மகளைப் பற்றி ஒரு வார்த்தை.

அன்று வீடு திரும்பும்போது அக்காள் சொன்னாள்: "இனிமேல் இவளைத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டேன்!" குழந்தையும் பயந்திருப்பாள், இனி ஆற்றின் பெயரையே எடுக்கமாட்டாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இரண்டு வாரம் சென்றது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே போயிருந்தேன். குழந்தை மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மா காதில் விழாதபடி கேட்டாள்:

"மாமா, கொஞ்சமாகத் தண்ணீர் இருக்கிற இடம் எங்கேயாவது இருக்கிறதா?"

நான் என்ன பதில் சொல்வேன்? அவள் கடலைக் கேட்கவில்லை, காவிரியைக் கேட்கவில்லை. ஆயிரம் ரூபாய் டிக்கெட்டையும் கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த நியாயம் அது. கொஞ்சமாகத் தண்ணீர் கேட்கிறாள். கால் தரையில் நிற்கிற தண்ணீர் கேட்கிறாள்.

நமது ஊர்ப் பூங்காவில் அதற்கு இடம் இல்லையா?